அந்தப் படத்தை முதலில் நீக்கச் சொல்லுங்கள்

கேள்வி:

கடலூரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். இங்குள்ள போட்டோ, வீடியோ கலைஞர்கள் சங்கத்துக்கு இந்த வருடம் நான்தான் செயலாளர். உறுப்பினர்கள் 84 பேர். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் ஒருவர் ரொம்பவும் நொடிந்துபோயிருக்கிறார். 2024 டிசம்பரில் பெண்ணையாற்று வெள்ளம் அவர் கடைக்குள் இடுப்பளவு நின்றது. கம்ப்யூட்டர், இரண்டு கேமரா, ஹார்ட் டிஸ்க் எல்லாம் போயிற்று. வாடகைக் கேமராவை வைத்துச் சித்திரை, வைகாசி முகூர்த்தங்களை ஓட்டினார். ஆனியில் நெஞ்சுவலி வந்து, புதுச்சேரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். அவர் கட்டிலில் படுத்திருக்கும் படத்தை எங்கள் உறுப்பினர் ஒருவர் சங்க வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, அண்ணியின் ஜிபே நம்பரையும் கீழே போட்டார். 23,500 ரூபாய் சேர்ந்தது. அன்றைக்கே அண்ணன் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார். இப்போது யார் போனையும் எடுப்பதில்லை. ஆல்பம் கிடைக்காத பார்ட்டி ஒருவர் கடை வாசலில் நின்று கத்தி, கேஸ் போடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆவணியில் மூன்று கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார். 'நான் போய்ட்டா எல்லாக் கடனும் தீர்ந்துடும்' என்று ராத்திரியில் சொல்கிறாராம், அண்ணி அழுகிறார். சங்கத்தில் பாதிப் பேர், 'நம்ம ரேட்டை உடைச்சவர்தானே, அவருக்கு எதுக்கு?' என்கிறார்கள். மீதிப் பேர், ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட தின விழாவில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி நிதி கொடுக்கலாம் என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

பெயர் வேண்டாம், கடலூர்.

பதில்:

கடை இருக்கும் தெருவையும் வேறு சில அடையாளங்களையும் உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். திருப்பாதிரிப்புலியூரில் தும்மினால் மஞ்சக்குப்பத்தில் நலம் விசாரிக்கிற ஊர் உங்களுடையது.

கடிதத்தின் முக்கால்வாசியில், அட்வான்ஸுக்கும் ரேட்டுக்கும் நடுவே அண்ணி சொன்னதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. சங்கம், நிதி, விழா எல்லாம் அதற்கப்புறம். இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்குத் தனியாகவே பதில் எழுதிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன்.

இன்றைக்கே நேரில் போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள்: 'அண்ணே, செத்துப்போயிடலாம்னு தோணுதா?' கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று எல்லோருக்கும் பயம். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை என்றுதான் மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். கேட்க ஆள் வந்ததே பலருக்குப் பாதி ஆறுதல். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ அவரைத் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் பகலோ இரவோ எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. தமிழ்நாடு அரசின் 104, தற்கொலைத் தடுப்பு அமைப்பான சென்னை சிநேகாவின் 044-24640050 ஆகியவையும் இருக்கின்றன. அரசு தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரையும் பார்க்கலாம்.

இன்னொன்று. மாரடைப்புக்குப் பிறகு மனச்சோர்வு வருவது டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அதைத் தனியாகக் கவனித்து மருந்து தருவார்கள். ஆனால் செக்கப்புக்குப் போகும் ஆண்கள் 'நல்லாருக்கேன் சார்' என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். அடுத்த முறை அண்ணியோடு நீங்களும் போய், தூக்கம் இல்லாததையும் இந்தப் பேச்சையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரைகளை ஒழுங்காகப் போடுகிறாரா என்றும் அண்ணியிடம் விசாரியுங்கள். ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையைக் காசில்லை என்றோ வெறுப்பிலோ தானாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

அடுத்தது அந்தப் படம்.

போட்டவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. படம் இருந்தால்தான் பணம் வரும் என்று நினைத்திருப்பார். பணமும் வந்தது. ஆனால் முப்பது வருடமாக மற்றவர்களை உட்காரவைத்து, காலரைச் சரிசெய்து, 'கொஞ்சம் தாடையைத் தூக்குங்க சார்' என்று சொல்லி, பார்க்கும்படி ஆக்கி அனுப்பிய மனிதர் அவர். அவரை, மூக்கில் குழாயும் கலைந்த தலையுமாக, அதுவும் கூடத் தொழில் செய்யும் 84 பேர் முன்னால் போட்டிருக்கிறீர்கள். வேறு எந்தச் சங்கமும் செய்யலாம், உங்கள் சங்கம் செய்யக் கூடாது. அதை 'எல்லோருக்கும் நீக்கு' என்று இப்போது அழுத்த முடியாது, அந்த அவகாசம் கடந்துவிட்டது என்று போட்டவர் சொல்லக்கூடும். குரூப் அட்மினால் நீக்க முடிகிறதா என்று பாருங்கள். அவரவர் போனில் தங்கிய பிரதியையும் அழித்துவிடச் சொல்லுங்கள். பணம் போட்டவர்களின் பெயர்ப் பட்டியல் குரூப்பில் இருக்கிறதா? அதையும் எடுத்துவிடுங்கள். சேர்ந்த 23,500 அண்ணியிடமே இருக்கட்டும். கணக்கு கேட்காதீர்கள், நன்றி சொன்னாரா என்று பார்க்காதீர்கள்.

இனி நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பணத்தை மாமன் மச்சான் யாரும் தருவார்கள். அவருக்கு இப்போது மூச்சை முட்டுவது வேறு என்று உங்கள் கடிதத்தைப் படித்தால் தெரிகிறது: கொடுக்க வேண்டிய ஆல்பங்கள், எடுக்க வேண்டிய கல்யாணங்கள். இரண்டையும் இறக்கிவைக்க உலகத்தில் உங்கள் 84 பேரால் மட்டும்தான் முடியும். ஆடி மாதத்தில் உங்கள் ஆட்களுக்கு அவ்வளவாக வேலையும் இருக்காது.

முதலில் நனைந்த ஹார்ட் டிஸ்க்குகள். அவற்றுக்கு யாரும் கரென்ட் கொடுத்துப் பார்க்க வேண்டாம். வெயிலில் காயவைப்பது, திறந்து துடைப்பது, அரிசியில் புதைப்பது எதுவும் வேண்டாம். உள்ளே சேறு காய்ந்திருக்கும் தட்டு ஒருமுறை சுழன்றாலே கீறிவிடும், அதோடு அதிலுள்ளது போய்விடும். அப்படியே எடுத்து, எது எந்த வருடத்தது என்று அண்ணனிடம் கேட்டுச் சீட்டு ஒட்டி, சென்னையில் டேட்டா ரெக்கவரி செய்யும் இடத்துக்கு ஒரு ஆள் கொண்டுபோகட்டும். மாதங்கள் ஓடிவிட்டதால் எல்லாம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. செலவும் ஆகும். அதனால் எல்லாவற்றையும் கொடுக்காமல், டெலிவரி பாக்கியுள்ள கல்யாணங்கள் எந்த டிஸ்க்கில் இருக்கின்றனவோ அவற்றை மட்டும் முதலில் கொடுங்கள்.

அதைவிடப் பெரிய புதையல் உங்களிடமே சிதறிக் கிடக்கிறது. ஒரு கல்யாணத்தை ஒரே ஆள் எடுப்பதில்லை என்று எனக்கு நீங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போஸ் கொடுக்காமல் இயல்பாக இருக்கும்போது கேண்டிட் எடுக்கப் போன பையனின் லேப்டாப்பில் ஒரு பிரதி இருக்கும். வீடியோவை வெட்டி ஒட்டி மிக்ஸிங் செய்தவரிடம் அது இருக்கும். ஆல்பம் டிசைனரிடம் தேர்ந்தெடுத்த படங்கள் இருக்கும். பிரிண்ட் போட்ட லேபில் பன்னிரண்டுக்கு முப்பத்தாறு அங்குல ஆல்பம் ஷீட்டுகள் இன்னும் அழிக்கப்படாமல் இருந்தாலும் இருக்கும். முகூர்த்தத்தை யூடியூபில் லைவ் விட்டிருந்தால் அது அந்தச் சேனலிலேயே கிடக்கும். மெமரி கார்டை பார்மேட் செய்திருந்தாலும், அதன்மேல் புதிதாக எடுக்காதவரை பழைய படங்களைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். எல்லாவற்றையும்விட வேடிக்கை ஒன்று உண்டு. ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுங்கள் என்று பார்ட்டியிடமே எல்லாப் படத்தையும் பென்டிரைவில் கொடுத்திருப்பீர்களே! வாசலில் வந்து கத்திவிட்டுப் போனவர் வீட்டு பீரோவிலேயே அவருடைய கல்யாணப் படம் முழுவதும் இருக்கலாம்.

ஆகவே பாக்கி டெலிவரிகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, மண்டபம், கூட வந்த ஆட்கள், டிசைனர், லேப். இதற்கு அண்ணனின் நினைவு வேண்டும். நீங்கள் கதவைத் தட்ட ஒரு காரணமும் கிடைத்துவிடும். 'எப்படி இருக்கீங்க' என்று போனால், 'இருக்கேன்பா' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். 'அண்ணே, நெல்லிக்குப்பம் ரிசப்ஷனுக்குக் கூட வந்த லைட் பாய் யாரு?' என்று போய்ப் பாருங்கள். தொழில்காரர் தலையைத் தூக்குவார். பிறகு அவரவர் பங்கைத் தேடி எடுத்து ஒரே இடத்தில் சேர்க்க நாலைந்து பேர் போதும். 84 பேரும் ஒரே சமயத்தில் ஒரு வீட்டு வாசலில் நிற்க வேண்டாம்.

கத்திவிட்டுப் போனவரிடம் நீங்களும் இன்னொரு மூத்த உறுப்பினரும் நேரில் பேசுங்கள். மகளின் கல்யாணப் படம் இல்லை என்கிற கோபம் நியாயமானது. அதை முதலில் ஒப்புக்கொண்டு, எந்தத் தேதிக்குள் என்ன தரமுடியும் என்று எழுதிக் கொடுங்கள். அவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக உரிமை உள்ளவர். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு இரண்டு வருட அவகாசமும் உண்டு. கேஸ் போட மாட்டார் என்று நம்பிச் சும்மா இருப்பதைவிட, அதற்குத் தேவையில்லாமல் செய்வது சுலபம்.

ஆவணிக் கல்யாணங்கள் மூன்றும் அண்ணனின் பெயரிலேயே நடக்கட்டும். பார்ட்டியிடம் மறைக்காதீர்கள். 'அவருக்கு உடம்பு சரியில்லை, அவர் மேற்பார்வையில் நாங்கள் எடுக்கிறோம், சம்மதமா?' என்று இப்போதே கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அட்வான்ஸைத் திருப்பித் தர வழி பார்க்க வேண்டியதுதான். சம்மதித்தால், வரவேண்டிய மீதித் தொகையில் முதலில் ஆட்களின் டே பேமென்ட், அடுத்து ஆல்பம் செலவு, மிஞ்சுவது அண்ணனுக்கு என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கையில் பெரிதாக மிஞ்சாமல் போகலாம். ஆனாலும் தலைமேல் நின்ற மூன்று அட்வான்ஸ் கழிந்துவிடும். எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரே கண்டிப்பு: அந்த மண்டபத்தில் யாரும் தன் விசிட்டிங் கார்டை நீட்டக் கூடாது, இன்ஸ்டாகிராமில் தன் பெயரில் போடக் கூடாது. ஆல்பம் பெட்டியில் அண்ணன் ஸ்டூடியோ பெயர்தான் இருக்க வேண்டும். இதை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். உதவிக்குப் போன இடத்தில் அடுத்த தங்கையின் கல்யாண ஆர்டரை வாங்கிக்கொண்டு வருவது உங்கள் தொழிலில் நடக்காத விஷயமா என்ன?

விடியற்காலை மூன்று மணியிலிருந்து கேமரா ஆடாமல் பிடிக்கும் கிம்பலைத் தூக்கிக்கொண்டு நிற்பது அவரால் எப்போது முடியும், முடியுமா என்பதை டாக்டர் சொல்லட்டும். அவர் அனுமதித்தால் முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் வந்து உட்காரலாம். பெண் வீட்டாருக்குத் தெரிந்த முகம் அவர் முகம்தான். குடும்பத்தை வரிசையாக நிறுத்தி போட்டோ எடுக்கும்போது பெரியப்பாவையும் சித்தப்பாவையும் சண்டையில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிற கலை புதுப் பையன்களுக்கு வராது.

ரேட் உடைத்த விஷயத்தில் உங்கள் உறுப்பினர்களுக்குக் கோபம் இருப்பது எனக்குப் புரிகிறது. அவருக்காக நான் வாதாடப் போவதில்லை. நாற்பதாயிரம் ரூபாய் வேலையை இருபத்தைந்துக்கு ஒருவர் பிடித்தால் பக்கத்துக் கடைக்காரர் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் சங்கம் கூடி 'இதுதான் குறைந்தபட்ச ரேட்' என்று எல்லோருக்கும் விதிப்பதே 2002-ம் ஆண்டு போட்டிச் சட்டத்தின்படி சிக்கலானது, தொழில் சங்கங்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்பதை அவர்களிடம் மெதுவாகச் சொல்லிவையுங்கள். ரேட் பற்றி அவர்மேல் உள்ள புகாரை அவர் எழுந்து நடமாடத் தொடங்கியபின் முகத்துக்கு நேரே கேளுங்கள். இப்போது, அவர் இல்லாத கூட்டத்தில், அவருக்குப் பதில் சொல்ல வாய்ப்பில்லாத நேரத்தில் எடுக்க வேண்டாம். பிடித்த உறுப்பினருக்கு மட்டும் உதவுவதற்குச் சங்கம் எதற்கு? அதற்கு நண்பர் வட்டம் போதும்.

கடன் பற்றி ஒரு வார்த்தை. எவ்வளவு, யாரிடம், என்ன வட்டி என்று அண்ணியோடு உட்கார்ந்து எழுதுங்கள். 'எல்லாக் கடனும்' என்று மொத்தமாக நினைக்கும்போது இருக்கிற பயம், பட்டியலாக எழுதினால் கொஞ்சமாவது குறையும். வங்கிக் கடன் இருந்தால், அதோடு கடைச் சரக்குக்கு இன்சூரன்ஸும் பிடித்திருக்கிறார்களா என்று கிளையில் கேளுங்கள். பிரீமியம் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும், கடைக்காரருக்கே தெரியாது. இவ்வளவு நாள் ஆகிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக நியாயமான கோரிக்கையைத் தள்ளக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. தவணையை மாற்றி அமைக்கவும் எழுத்தில் கேளுங்கள். மீட்டர் வட்டி, கந்துவட்டி ஏதாவது இருந்தால் அதற்கு 2003-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, வக்கீல் ஒருவரைப் பாருங்கள்.

இனி சங்கத்துக்கு. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 மழை, 2024 ஃபெஞ்சல் புயல். இத்தனையும் பார்த்த ஊரில் அடுத்த முறை யார் கடையில் தண்ணீர் ஏறும் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு முறையும் ஒருவரைப் படமெடுத்துப் போட்டு வசூல் செய்துகொண்டிருக்க முடியாது. நீங்கள் தினமும் பார்க்கிற மொய்யையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை வாங்க யாரும் கூசுவதில்லை. ஏனென்றால் எல்லோரும் எழுதுகிறார்கள், எல்லோருக்கும் ஒருநாள் வருகிறது, நோட்டும் இருக்கிறது. உங்கள் நிதியும் அந்த மாதிரி இருக்கட்டும். மாதம் ஆளுக்கு 100 ரூபாய் என்றால் 84 பேருக்கு 8,400, வருடத்துக்கு 1,00,800 ரூபாய். மருத்துவமனையில் சேர்ந்தால் இவ்வளவு, இறந்தால் குடும்பத்துக்கு இவ்வளவு, கருவி போனால் வட்டியில்லாக் கடன் இவ்வளவு என்று முதலிலேயே தீர்மானம் போடுங்கள். உறுப்பினர் மனு எழுதிக் கெஞ்ச வேண்டிய நிலை வரக் கூடாது. செய்தி தெரிந்ததும் பொருளாளர் போய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும். மொய்யில் ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள்: மைக்கில் பெயரும் தொகையும் படிப்பதை.

பணம் உங்கள் சொந்த ஜிபேக்கு வரவே கூடாது. 1975-ம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் சங்கம் பதிவாகியிருக்கிறதா, வருடாந்திரக் கணக்கு தாக்கலாகிறதா என்று பாருங்கள். பதிவு சரியாக இருந்தால்தான் சங்கத்தின் பெயரில் கணக்கு, இருவர் கையெழுத்து. 'இதையே சீட்டாகப் போட்டால் பணம் பெருகுமே' என்று யாராவது கிளம்புவார்கள். அனுமதியில்லாத சீட்டு 1982-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

இதற்கிடையில் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் எல்லா உறுப்பினரையும் பிரதமர் பெயரிலான இரண்டு காப்பீடுகளில் சேர்த்துவிடுங்கள். வருடம் 20 ரூபாய்க்கு விபத்துக் காப்பீடு, 18 முதல் 70 வயதுவரை. 436 ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு, 50 வயதுக்குள் சேர வேண்டும். இரண்டிலும் குடும்பத்துக்கு 2 லட்சம். குடும்பத்தின் வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ளவர்கள் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்கிவைக்கலாம். முள்ளோடை தாண்டி பாகூர் பக்கமிருந்து வரும் உறுப்பினர்கள் இருந்தால், அவர்கள் புதுச்சேரிக்காரர்கள், அவர்களுக்குத் திட்டம் வேறு, தனியே விசாரிக்க வேண்டும். கடைக்கு வெள்ளமும் புயலும் சேர்ந்த பாலிசி எடுக்கும்போது, மண்டபத்துக்கு எடுத்துப்போகும் கேமராவுக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள். கடைக்குள் இருக்கும் பொருளுக்கு மட்டும் என்றால் தனியே எடுக்க வேண்டியிருக்கும்.

விழாவில் மேடையேற்றலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். கட்டில் படத்துக்கு அடுத்து பொன்னாடைப் படமா? விழாவில் புகைப்படப் போட்டி வைப்பீர்களென்றால், பரிசுக்கு வந்த படங்களை வீட்டுக்கே கொண்டுபோய் அவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். உடம்பும் மனசும் இடம் கொடுத்தால் செய்யட்டும், இல்லையென்றால் வற்புறுத்த வேண்டாம். பொன்னாடைக்கும் மாலைக்கும் ஷீல்டுக்கும் ஒதுக்கிய காசில் புது ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். மீட்டெடுத்த கல்யாணங்களைப் போட ஒன்று, அதற்குப் பேக்அப் ஒன்று. பேக்அப் வேறொருவர் வீட்டு மாடியில் இருக்கட்டும்.